புது ரேம் போட்டதும் சிஸ்டம் ஏந்திரிக்கலையா? மதர்போர்டை மாத்தறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

ரேம் மாத்துன உடனே டிஸ்பிளே வரலன்னா "போர்டு போச்சுபா"ன்னு சொல்றதுக்குன்னே ஒருத்தர் பக்கத்துல இருப்பாரு, அவர் பேச்சை மட்டும் கேக்காதீங்க. நேத்து ராத்திரி வரைக்கும் ஓடிட்டு இருந்த போர்டு இன்னிக்கு ரேம் சொருவுற நேரம் பாத்து சாவறது ரொம்ப அபூர்வம். ரேம் சரியா உக்காந்திருக்காது, இல்ல அந்த போர்டுக்கு ஆவாத ரேமா இருக்கும், இல்ல பயாஸ், அதாவது ஆன் பண்ணதும் மொதல்ல ஓடற போர்டோட சொந்த சாஃப்ட்வேர், இன்னும் பழைய ரேம் கணக்குலயே நின்னுட்டு இருக்கும், பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணுதான். நாலாவதா ஒண்ணு இருக்கு, சரி பண்றேன்னு சொல்லி நாமளே கிளப்பி விடற பிரச்சனை. அதுலதான் நெறைய பேரு மாட்டறாங்க, அதனால அத கீழ கொஞ்சம் விரிவாவே எழுதி இருக்கேன்.

மொதல்ல "ஆன் ஆவல"ன்னா இன்னான்னு தெளிவா பாத்துக்கணும். ஃபோன்ல "அண்ணே சிஸ்டம் ஆன் ஆவல"ம்பாங்க, "ஃபேன் சுத்துதா தம்பி"ன்னா "சுத்துதுண்ணே, லைட்டுலாம் எரியுது"ம்பாங்க. அப்ப அது ஆன் ஆவுது, டிஸ்பிளேதான் வரல, அது வேற கேஸ். ஃபேனே சுத்தலன்னா ரேம் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி பின்னாடி எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) சுவிட்ச், பவர் கார்டு, உள்ள 24 பின் கனெக்டர், ப்ராசஸர் பக்கத்துல இருக்கற 4 பின் இல்ல 8 பின் கனெக்டர், முன்பக்க பவர் பட்டன்லேர்ந்து வர்ற சின்ன ஒயர் இதெல்லாம் அமுக்கிப் பாருங்க, ரேம் போடறப்ப முழங்கை பட்டு லூஸ் ஆயிருக்கும். ஃபேன் சுத்தி டிஸ்பிளே இல்லன்னா, இல்ல நாலஞ்சு செகண்டுக்கு ஒருதரம் ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு ஆயிட்டே இருந்தா, அது ரேம் பக்கம்தான் கை காட்டுது. லோகோ வந்து விண்டோஸ் வரலன்னா அது வேற, விண்டோஸ் வந்து நடுவுல ப்ளூ ஸ்க்ரீன் அடிச்சா அது வேற. கிராபிக்ஸ் கார்டு போட்ட சிஸ்டம்னா மானிட்டர் கேபிள் கார்டுல இருக்கா இல்ல தெரியாம போர்டுல சொருவிட்டீங்களான்னு ஒரு பார்வை பாத்துடுங்க, சிரிக்காதீங்க, நெசமாவே நடக்குது.

இப்ப வேலைக்கு வருவோம். பழைய ரேமை எடுத்து பழைய எடத்துலயே போட்டுப் பாருங்க. இத பண்ணாம எதுவும் பண்ணாதீங்க. பழைய ரேம்ல சிஸ்டம் வந்துடுச்சுன்னா போர்டு, ப்ராசஸர், எஸ்எம்பிஎஸ் எல்லாம் நல்லா கீதுன்னு அர்த்தம், பாதி பயம் அங்கயே போயிடும். வந்ததும் அப்பிடியே ஷட் டவுன் கொடுக்காம ஷிஃப்ட் கீயை அமுக்கிட்டே ஷட் டவுன் கொடுங்க, அப்பதான் முழுசா ஆஃப் ஆவும், சும்மா ஷட் டவுன் கொடுத்தா ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் பாதி நெலைமையை டிஸ்க்ல எழுதி வெச்சிக்கும், அடுத்த தடவை வேற அளவு ரேம் இருந்தா சில நேரம் தடுமாறும். அப்பால பவர் கார்டை சுவத்துலேர்ந்தே புடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு 15 செகண்டு அமுக்கிப் புடிங்க, உள்ள மிச்சம் இருக்கற கரண்டு எறங்கிடும். நம்ம ஊர்ல பாதி வீட்டுல எர்த் ஒழுங்கா இருக்காது, சுவிட்ச் மட்டும் ஆஃப் பண்ணிட்டு கார்டு மாட்டினபடியே கை வெக்கறது வேணாம். பாலியஸ்டர் சட்டையோட மெத்தை மேல உக்காந்து பண்ணாம தரையில, பெயின்ட் இல்லாத கேபினெட் தகட்டை ஒருதரம் தொட்டுட்டு பண்ணுங்க, ஸ்டாட்டிக் எறங்கிடும்.

அடுத்து புது ரேமை மட்டும் தனியா, ஒண்ணே ஒண்ணு போட்டு பாருங்க. ரெண்டு ரேம் வாங்கி இருந்தா ஒண்ணு ஒண்ணா. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான், ரேமையும் மாத்தி ஸ்லாட்டையும் மாத்தி பேட்டரியையும் கழட்டினா அப்பால எதனால வந்துச்சு எதனால வரலன்னு உங்களுக்கே தெரியாது. நாலு ஸ்லாட்டு போர்டுன்னா ப்ராசஸர்லேர்ந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட்டுல போடுங்க, பெரும்பாலான போர்டுல ஏ2ன்னு போட்டிருக்கறது அதுதான், ஒத்த ரேமுக்கு அங்கதான் போட சொல்வாங்க. ரெண்டு ரேம்னா ரெண்டாவதும் நாலாவதும். பக்கத்து பக்கத்துல ரெண்டையும் போட்டா ரெண்டும் சேந்து வேகமா ஓடற டூயல் சேனலும் கெடைக்காது, சில போர்டு ஏந்திரிக்கவே ஏந்திரிக்காது.

ரேம் உக்கார்றது பத்தி. நெறைய பேரு பயந்து பயந்து அமுக்குவாங்க, ஒரு பக்கம் க்ளிக்னு கேக்கும், இன்னொரு பக்கம் ஒரு நூல் அளவு தூக்கிட்டு நிக்கும். கண்ணுக்கு உக்காந்த மாதிரியே தெரியும். ரெண்டு ஓரத்துலயும் கட்டை விரல் வெச்சு நேரா அமுக்குங்க, லாக் தானா மூடணும், நீங்க கையால மூடக் கூடாது. சில போர்டுல ஒரு பக்கம் மட்டும்தான் லாக் இருக்கும், அந்த லாக் இல்லாத பக்கம்தான் ஏமாத்தும், அங்க நல்லா பாருங்க. போர்டு அடியில ரொம்ப வளையற மாதிரி இருந்தா நீங்க தப்பான ரேமை அமுக்கிட்டு இருக்கலாம், உடனே நிறுத்துங்க. டிடிஆர்3க்கு 240 பின், டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் 288 பின், ஆனா நடுவுல இருக்கற வெட்டு மூணுத்துக்கும் வேற வேற எடத்துல இருக்கும், ஒண்ணோட ஸ்லாட்டுல இன்னொண்ணு போவவே போவாது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தூசி விஷயம் தனி. வாசல் தொறந்து கெடக்கற கடை, டிடிபி சென்டர், ஃப்ளெக்ஸ் போடற எடம், தோல் கம்பெனி ஆபீஸ்னு நாலஞ்சு வருஷம் தொறக்காத கேபினெட் உள்ள காலி ஸ்லாட்டு முழுக்க தூசி அடைஞ்சு போயிருக்கும், அங்க போய் புது ரேமை சொருவினா எப்பிடி காண்டாக்ட் ஆவும். சாதா பெயின்ட் பிரஷ், காஞ்சது, அதால ஸ்லாட்டை தட்டி விட்டு ஹேண்ட் ப்ளோயர் அடிங்க. பெட்ரோல் பங்க் காத்துல கொண்டு போய் அடிக்கறவங்க இருக்காங்க, வேணாம், அந்த கம்ப்ரஸர் காத்துல தண்ணி வரும், ப்ரெஷரும் அதிகம். பழைய ரேமோட தங்க கலர் பின்னை பென்சில் அழிக்கற ரப்பரால மெதுவா தேய்ச்சு, பொடியை தட்டி விட்டு போடறது நம்ம ஊரு டெக்னீஷியன்லாம் பண்றதுதான், வேலை செய்யும், ஆனா அந்த தங்க பூச்சு ரொம்ப மெல்லிசு, உப்பு காகிதம் மாதிரி சொரசொரப்பா இருக்கற ரப்பர் வேணாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கெடைச்சா அதுல தொடைக்கறது இன்னும் நல்லது. புது ரேமுக்கு இதெல்லாம் தேவையே இல்ல.

சரியா உக்காந்தும் வரலன்னா ரேம் மேல இருக்கற ஸ்டிக்கரை படிங்க, வாங்கறதுக்கு முன்னாடியே படிச்சிருக்கணும், பரவால்ல. பிசி3ன்னு ஆரம்பிச்சா டிடிஆர்3, பிசி3எல்னு இருந்தா அதுலயே கம்மி வோல்ட், 1.35 வோல்ட், சாதா பிசி3க்கு 1.5 வோல்ட். நாலாவது ஜென்ரேஷன் இன்டெல் லேப்டாப் பலது 1.35 வோல்ட் ரேமை மட்டும்தான் ஏத்துக்கும், 1.5 வோல்ட் ரேம் ஸ்லாட்டுல அழகா உக்காரும் ஆனா ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்கும். பழைய லேப்டாப்பு, 2011லேர்ந்து அரசாங்கம் பசங்களுக்கு குடுத்த லேப்டாப்பு இதுக்கெல்லாம் ரேம் ஏத்தறவங்க உள்ள இருக்கற பழைய ரேம் ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்துட்டு கடைக்கு போங்க, அதே எழுத்து இருக்கறத கேட்டு வாங்குங்க.

சர்வர் ரேம் ஒரு பெரிய பொறி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனா, ஆன்லைன்ல தேடினா, 16 ஜிபி ரேம் பாதி வெலைக்கு கெடைக்குதுன்னு சந்தோஷமா வாங்கிட்டு சதாப்தியோ லால்பாக்கோ புடிச்சு காட்பாடி வந்து எறங்கி போட்டு பாத்தா ஒண்ணும் வராது. டிடிஆர்4 சர்வர் ரேமும் சாதா ரேமும் வெட்டு ஒரே எடத்துலதான், அதனால ஸ்லாட்டுல கரெக்டா போயிடும். ஸ்டிக்கர்ல 2400டி அப்பிடி இப்பிடின்னு எழுதி அதுக்கு அடுத்து யு எழுத்து இருந்தா டெஸ்க்டாப், எஸ் இருந்தா லேப்டாப், ஆர் இருந்தா ரெஜிஸ்டர்டு, அதாவது சர்வர். ரேம் நடுவுல மத்த சிப்பை விட வேற சைஸ்ல ஒரு சிப்பு தனியா உக்காந்திருந்தா அதுவும் சர்வர் ரேமோட அடையாளம்தான். வீட்டு போர்டுல அது எந்த செட்டிங் மாத்தினாலும் ஓடாது, திருப்பிக் குடுக்கறது ஒண்ணுதான் வழி. அதே மாதிரி "ஏஎம்டிக்கு மட்டும்"னு விக்கற டிடிஆர்3 ரேம் இன்டெல் போர்டுல ஓடாது, வெலை கம்மியா இருக்கறதுக்கு காரணமே அதுதான்.

போர்டுக்குன்னு ஒரு அளவு இருக்கு. இன்னும் எத்தனையோ ஆபீஸ்ல டாலி கணக்கு சாஃப்ட்வேர் ஓட்டிட்டு இருக்கற பழைய இன்டெல் ஜி41 போர்டு மொத்தமே 8 ஜிபிதான் தாங்கும், ஒரு ஸ்லாட்டுக்கு 4 ஜிபி, அதுல ஒத்தையா 8 ஜிபி ரேம் போட்டா வராது. அதுலயும் ரெண்டு பக்கமும் சிப்பு இருக்கற, மொத்தம் 16 சிப்பு வர்ற பழைய மாதிரி 4 ஜிபி ரேமைத்தான் அது ஒழுங்கா எடுக்கும், புது மாதிரி 8 சிப்பு 4 ஜிபி போட்டா முழிக்கும். எச்61, எச்81 போர்டுக்கு ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி. இந்த போர்டுக்கெல்லாம் ரொம்ப செலவு பண்றதுக்கு பதிலா ஒரு எஸ்எஸ்டி வாங்கி போடுங்கம்பேன் நான், வித்தியாசம் அதுலதான் கண்ணுக்கு தெரியும்.

போர்டு நமக்கு சொல்றதையும் கேளுங்க. ஸ்பீக்கர் இருந்து நீளமா பீப் பீப்னு அடிச்சிட்டே இருந்தா பெரும்பாலும் ரேம்தான். புது போர்டு பலதுல ஓரத்துல சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு நாலு குட்டி லைட்டு இருக்கும், டிராம் லைட்டு நிலையா எரிஞ்சா ரேம் பக்கம்தான் பிரச்சனை, டிடிஆர்5னா மட்டும் கீழ சொல்றத படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. டெல் லேப்டாப்ல புது மாடல் பலதுல ஆரஞ்சு ரெண்டு தடவை வெள்ளை மூணு தடவை மின்னினா ரேமே தெரியலன்னு அர்த்தம், எச்பி பிசினஸ் மாடல்ல சிவப்பு மூணு வெள்ளை ரெண்டுன்னா ரேம் வேலையில மாட்டி நிக்குது.

டிடிஆர்5 வெச்சிருக்கறவங்க, முக்கியமா விஐடி பசங்க ஏஎம்டியோட ஏஎம்5 போர்டுல கேமிங் சிஸ்டம் கட்டறவங்க, ஒண்ணு தெரிஞ்சிக்கணும். புது ரேம் போட்டதும் முதல் தடவை போர்டு ரேமை பழகிக்கும், மெமரி ட்ரெய்னிங்கம்பாங்க. அந்த நேரம் முழுக்க ஸ்க்ரீன் கறுப்பா இருக்கும், ஃபேன் சுத்தும், டிராம் லைட்டு எரியும், அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம் கூட ஆவும், ரேம் அளவு பெருசா இருந்தா இன்னும் ஆவும், நடுவுல தானா ரீஸ்டார்ட் கூட ஆவும். ரெண்டு நிமிஷத்துல பொறுமை போயி பட்டனை அமுக்கி ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணா அது திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ஆன் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.

நாலு ரேம் போடறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ரெண்டு ரேம் 6000 ஸ்பீடுல ஜம்முனு ஓடிட்டு இருக்கு, அதே கம்பெனி அதே மாடல் இன்னும் ரெண்டு வாங்கி போட்டா ஓடும்னு நெனைக்கறது நியாயம்தான், ஆனா பெரும்பாலும் அந்த ஸ்பீடுல ஓடாது. ரைசன் 7000 சீரிஸுக்கு ஏஎம்டி சொல்ற கணக்கே ரெண்டு ரேமுன்னா 5200, நாலு ரேமுன்னா 3600தான், அதுக்கு மேல ஓடறதெல்லாம் உங்க அதிர்ஷ்டம். ரேமை அதிக ஸ்பீடுல ஓட்டற பயாஸ் செட்டிங், எக்ஸ்போ இல்ல எக்ஸ்எம்பிம்பாங்க, அது ஆன்ல இருந்தா அத ஆஃப் பண்ணிட்டு மொதல்ல நாலும் தெரியுதான்னு பாருங்க. இதுக்கு சரியான வழி, பழசை வித்துட்டு பெரிய சைஸ்ல ரெண்டே ரெண்டு வாங்கறது.

சரி, மேல சொன்ன மூணாவது காரணமும், அத சரி பண்ணப் போயி நாமளே கிளப்பற நாலாவது பிரச்சனையும். பழைய ரேமோட ஸ்பீடு செட்டிங் பயாஸ்ல அப்பிடியே நின்னு புது ரேமை அந்த ஸ்பீடுல ஓட்டப் பாக்கும், முடியாம சுத்தி சுத்தி வரும், அதுக்கு சிமாஸ், அதாவது பயாஸ் செட்டிங் சேமிச்சு வெக்கற எடத்தை, க்ளியர் பண்ணணும். பவர் கார்டை புடுங்கிட்டு போர்டுல இருக்கற காசு மாதிரி பேட்டரி, சிஆர்2032, அத எடுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சு போடறது, இல்ல க்ளியர் சிமாஸ்னு எழுதி இருக்கற ரெண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவர் முனையால சில செகண்டு சேத்து வெக்கறது. வேலை செய்யும், டிஸ்பிளே வந்துடும். ஆனா அதோட பயாஸ்ல இருந்த எல்லா செட்டிங்கும் போயிடும், அங்கதான் அடுத்த கதை ஆரம்பம்.

லோகோ வருது, "பூட் டிவைஸ் இல்ல"ன்னு நிக்குது. உடனே ஹார்ட் டிஸ்க்கும் போச்சுன்னு அழுவாங்க. டிஸ்க் எங்கயும் போகல. உங்க விண்டோஸ் பழைய முறையில, லெகஸில போட்டதா இருக்கும், பயாஸ் ரீசெட் ஆனதும் புது முறையான யுஇஎஃப்ஐ மட்டும்னு மாறி இருக்கும், சிஎஸ்எம்முங்கற செட்டிங்கை ஆன் பண்ணா வந்துடும். இன்னொரு மாதிரி, விண்டோஸ் சுத்த ஆரம்பிச்சு "இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்"னு ப்ளூ ஸ்க்ரீன் அடிக்கும், அது சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோட பேசற முறை. ஏஎச்சிஐல இருந்தது ஐடிஇக்கோ ரெய்டுக்கோ மாறி இருக்கும், இல்ல ரெய்டுல இருந்தது ஏஎச்சிஐ ஆயிருக்கும், முன்ன எதுல இருந்துச்சோ அதுக்கே மாத்தினா போதும், விண்டோஸ் திரும்ப போடவே தேவையில்ல. இத தெரியாம ஃபார்மேட் பண்ணிட்டு குழந்தை ஃபோட்டோலேர்ந்து கணக்கு வரைக்கும் தொலைச்சவங்க இருக்காங்க.

அத விட மோசம் பிட்லாக்கர், டிஸ்க்கை பூட்டி வெக்கற விண்டோஸ் வசதி. இப்ப வர்ற விண்டோஸ் 11 சிஸ்டம்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணாலே டிஸ்க் தானா பூட்டிக்கறது உண்டு, உங்களுக்கே தெரியாது. சிமாஸ் க்ளியர் பண்ணி செக்யூர் பூட் செட்டிங் மாறினா நீல ஸ்க்ரீன்ல 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். ஃபோன்ல அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி டிவைஸ் பக்கம் பாத்தா அந்த கீ இருக்கும். கீயும் இல்ல, பயாஸ் செட்டிங்கை பழைய மாதிரி மாத்தியும் வரலன்னா டேட்டா போச்சு, எந்த கடைக்கு போனாலும் போச்சு. அதனால பேட்டரியில கை வெக்கறதுக்கு முன்னாடி பழைய ரேமோட விண்டோஸ் உள்ள போயி அந்த கீயை எழுதி வெச்சிக்கோங்க, இல்ல பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணிடுங்க, பயாஸ் பக்கம் எல்லாத்தையும் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கோங்க. அப்பால தேதி. பேட்டரி கழட்டினா தேதி எங்கயோ பழைய வருஷத்துக்கு போயிடும், அத பாக்காம விட்டா ஜிஎஸ்டி சைட்டு, பேங்க் சைட்டு எதுவுமே ஓப்பன் ஆவாது, நெட்டு போச்சுன்னு நெனைச்சிக்குவீங்க.

லேப்டாப்னா கூடுதலா ரெண்டு விஷயம். அடிப்பக்கம் தொறந்ததும் உள்ள இருக்கற பேட்டரி கனெக்டரை மொதல்ல கழட்டுங்க, கரண்டு இருக்கறப்ப ரேம் புடுங்கக் கூடாது. லேப்டாப் ரேமை சாய்வா, ஒரு 30 டிகிரில, தங்க பின் கிட்டத்தட்ட தெரியாத அளவுக்கு உள்ள தள்ளிட்டு அப்பால கீழ அமுக்கணும், சைடு க்ளிப்பு ரெண்டும் புடிக்கணும். முழுசா தள்ளாம கீழ மட்டும் அமுக்கினா க்ளிப்பு புடிக்கும், ரேம் தெரியாது.

இப்ப சிஸ்டம் வந்துடுச்சு, ஆனா குரோம் தொறந்தா மூடிக்குது, போட்டோஷாப்ல நிக்குது, "மெமரி மேனேஜ்மென்ட்"னு ப்ளூ ஸ்க்ரீன் வருதுன்னா ரேமை டெஸ்ட் பண்ணாம நம்பாதீங்க. ஸ்டார்ட்ல விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்னு தேடி ஓட விடலாம், ஆனா அதுல பாஸ் ஆயிட்டா ரேம் நல்லதுன்னு முடிவு பண்ணக் கூடாது, அது கொஞ்சம் இளகின மனசு. பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி ஓட விடுங்க, பழைய போர்டுன்னா மெம்டெஸ்ட்86 ப்ளஸ், அது லெகஸிலயும் பூட் ஆவும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது எரர்தான், ஒண்ணுதானேன்னு விடாதீங்க. எரர் வந்தா எக்ஸ்எம்பியை ஆஃப் பண்ணி மறுபடி ஓட்டுங்க, அப்ப வரலன்னா ரேம் சாவல, அந்த ஸ்பீடு உங்க போர்டுக்கு தாங்கல.

இந்த டெஸ்ட்டை நம்ம ஊருல மத்தியானமும் ஒருதரம் ஓட்டிப் பாருங்க. ரேம் சூடாவ ஆவ உள்ள புடிச்சு வெச்சிருக்கற சார்ஜ் சீக்கிரம் கசியும், ஓரமா தேறுன ரேம் அப்பதான் பல்லை காட்டும். ஏசி ரூம்ல கடைக்காரர் எதுக்க பாஸ் ஆன ரேம், கத்திரி வெயில்ல சிமெண்ட் ஷீட்டு போட்ட மாடி ரூம்ல எரர் அடிக்கறது ஆச்சரியமே இல்ல, கடைக்காரர் பொய் சொல்லல, நீங்களும் பொய் சொல்லல.

டெஸ்ட் முடியற வரைக்கும் அந்த ரேமோட கணக்கு வழக்கு வேலை செய்யாதீங்க. கெட்ட ரேம் தப்பான டேட்டாவையே டிஸ்க்ல எழுதி வெச்சிடும், டாலி டேட்டா ஒருதரம் கெட்டுதுன்னா ஆடிட்டர் கிட்ட யாரு பதில் சொல்றது. விண்டோஸையும் திரும்ப போடாதீங்க, கெட்ட ரேம் மேல போட்ட விண்டோஸ் அடுத்த வாரமே மறுபடி கெடும், ரெண்டாவது தடவையும் ஓஎஸ் காசு குடுப்பீங்க.

விண்டோஸ் வந்து ரேம் மட்டும் கம்மியா காட்டுதா? 8 ஜிபி போட்டு யூசபிள் 4க்குள்ள காட்டினா உங்களுது 32 பிட் விண்டோஸா பாருங்க, அது 4 ஜிபிக்கு மேல எடுக்காது. 64 பிட்டும் கம்மி காட்டினா எம்எஸ்கான்ஃபிக்ல பூட் டேபுல அட்வான்ஸ்டு ஆப்ஷன் உள்ள மேக்ஸிமம் மெமரின்னு ஒரு டிக் இருக்கும், எவனோ யூடியூப் பாத்து போட்டிருப்பான், அத எடுத்து விடுங்க. 8ல 7 சொச்சம் காட்டினா உள்ள இருக்கற கிராபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்குது, அது சாதாரணம். ஒரு ஸ்லாட்டே கணக்குல வரலன்னா ரெண்டு ரேமையும் அந்த ஸ்லாட்டுல மாத்தி மாத்தி போட்டு பாருங்க, எது போட்டாலும் அந்த ஸ்லாட்டு வரலன்னா ப்ராசஸர் சாக்கெட்டுல பின் வளைஞ்சிருக்கலாம், இல்ல கூலர் ஒரு பக்கமா இறுக்கமா இருக்கலாம், கூலரை கழட்டினீங்கன்னா புது தெர்மல் பேஸ்ட் போட்டு சமமா முடுக்குங்க. இங்கதான் போர்டு மேல சந்தேகப்படறதுக்கு நியாயம் வருது, அதுக்கு முன்னாடி இல்ல.

ரேம்தான் கெட்டதுன்னு உறுதியாச்சுன்னா கடைக்கு போறப்ப மெம்டெஸ்ட் எரர் ஸ்க்ரீனை ஃபோட்டோ எடுத்துட்டு போங்க, பில்லு கையில இருக்கணும், ரேம் மேல ஸ்டிக்கரை கிழிக்காதீங்க, ஹீட் சிங்க்கை கழட்டாதீங்க, ரெண்டுமே வாரண்டிக்கு ஆவாது. ரெண்டு ரேம் சேத்து ஒரே கிட்டா வாங்கி இருந்தா ஒண்ணு கெட்டாலும் ரெண்டையும் எடுத்துட்டு போங்க, ரெண்டையும் சேத்துதான் மாத்திக் குடுப்பாங்க. மாத்திக் குடுக்கற ரேமை அங்கயே ஒரு சிஸ்டம்ல போட்டு பயாஸ்ல எத்தனை ஜிபி காட்டுதுன்னு பாத்துட்டு கெளம்புங்க, முக்கியமா வெளியூர் கடைன்னா.